முகப்புப் பக்கத்தில் மூன்று முகங்கள்

"இன்னா பெரிம்மா, தேவி போட்டோவைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டி விளம்பரத்துல போட்டுட்டீங்க?"

மணலூர்பேட்டையிலிருந்து சாலம்மாளின் தங்கை மகள் மலர்விழி போனில் கேட்ட கேள்வி அது. சாலம்மாள் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த மருமகள் கலையரசியின் காதிலும் அது தெளிவாக விழுந்தது.

"இன்னாடி உளர்றே? எந்த விளம்பரம்?"

"கள்ளக்குறிச்சியில வெப்சைட் பண்றவரு ஒருத்தரு ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்காரு பெரிம்மா. அண்ணன், அண்ணி, தேவி மூணு பேரும் வண்டிக்கு முன்னாடி நிக்கறாங்க. கீழ ஐஸ் பெட்டி வாடகைக்குன்னு எழுதியிருக்குது. எங்க வூட்டுக்காரருக்கே வந்துடுச்சு. இன்னும் யார் யாருக்குப் போச்சோ."

தோசை கருகும் வாசனை வந்தது. கலையரசி அடுப்பை அணைத்தாள்.

அவள் கணவன் அரங்கநாதனின் தொழில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகை. இறந்தவர் உடலை, தூரத்து உறவினர் வந்து சேரும்வரை வைத்திருக்கும் குளிர்பெட்டி. ஊர்வழக்கில் ஐஸ் பெட்டி. சாலம்மாளுக்கு அந்தச் சொல்லே ஆகாது. மகள் தேவிப்ரியாவுக்குச் சின்னசேலத்துச் செழியனை வரன் பேசத் தொடங்கியபோது, "எம் பையன் வாடகைப் பொருள் கடை வெச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பாத்திரம், நாற்காலி, பந்தல் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை.

கலையரசியின் கவலை வேறு. போன மாதம் வடக்கனந்தலில் ஒரு சாவு. வெளிநாட்டிலிருந்த மகன் போனில் தேடிப் பிடித்தது சேலத்து ஏஜென்சி ஒன்றை. அவர்கள் அனுப்பியதோ அரங்கநாதனை. மகன் கொடுத்ததில் பாதிக்கு மேல் ஏஜென்சிக்காரன் எடுத்துக்கொண்டான் என்பது காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டி நம்முடையது, வண்டி நம்முடையது, போய் நின்றவனும் நம் ஆள். பெயர் மட்டும் எவனுடையதோ!

அன்றைக்கே கலையரசி தீர்மானித்தாள், நமக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்று. சீட்டுப் பணத்தில் இருபதாயிரத்தை அதற்கு ஒதுக்கினாள். தேவிப்ரியாவின் கல்யாணம் முடியும்வரை வீட்டு மனிதர்களின் பெயரோ முகமோ அதில் வராது என்று மாமியாருக்கு வாக்குக் கொடுத்த பிறகே சம்மதம் கிடைத்தது.

இப்போது மூன்று முகங்களும் ஊரார் கைபேசியில் இருந்தன.

"நான் சொல்லலை அத்தை. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள் கலையரசி.

"தெரியாம உன் மூஞ்சி எப்படிம்மா அதுல போச்சு? ஞாயித்துக்கெழம தட்டு மாத்த வராங்க. அவங்க பாத்துட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்றாள் சாலம்மாள். "போன் போடு அரங்கனுக்கு."

போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். காலையிலேயே கல்வராயன் மலைக்குப் பெட்டி ஏற்றிப் போயிருந்தான். கோமுகி அணையைத் தாண்டி வண்டி மேலே ஏறிவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது.

கலையரசி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டாள்.

* * *

வெப்சைட் செய்கிற ஜெயப்பிரகாஷின் அலுவலகம் துருகம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்தது. மாடிப்படியெல்லாம் இருட்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை.

"வாங்கக்கா! நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். டெமோ பாத்தீங்களா? செம ரெஸ்பான்ஸ்!" என்றான் அவன், ஒரு நோட்டால் விசிறிக்கொண்டே.

"முதல்ல அதை எடுங்க."

"எதுங்க்கா?"

"உங்க ஸ்டேட்டஸ். அந்தப் போட்டோ. வெப்சைட்டு. எல்லாத்தையும்."

ஸ்டேட்டஸை அந்த நிமிடமே நீக்கினான். பார்த்தவர்கள் பட்டியல் எவ்வளவு நீளம் என்று அவள் கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை.

"வெப்சைட்டை எடுக்கணும்னா சிஸ்டம் ஓடணுங்க்கா. கரண்ட் சாயந்திரம்தான் வரும். யுபிஎஸ்ஸு போன வாரமே செத்துடுச்சு."

"லேப்டாப் இருக்குதே?"

"சார்ஜு கம்மி."

"கம்மியா இருக்கறதுல எடுங்க."

அவன் தயங்கினான். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தான். "அதுக்கு முன்னாடி இதையும் பேசிடலாங்க்கா. கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு."

கலையரசி தாளைப் பார்த்தாள். இருபதாயிரம் என்று பேசியது முப்பத்தைந்தாகியிருந்தது.

"இன்னாங்க இது?"

"ஸ்லைடர் போட்டிருக்கேன்க்கா. படம் ஒண்ணு மாத்தி ஒண்ணு நகர்ந்துக்கினே இருக்கும். அப்புறம் சாட் பாக்ஸ், கேலரி, எத்தினி பேரு பாத்தாங்கன்னு காட்டற கவுண்ட்டர்..."

"சாவு விழுந்த வூட்டுல எவன்ங்க நகர்ற படத்தைப் பாத்துக்கினு உக்காந்திருப்பான்?" அவளுக்குக் குரல் ஏறியது. "நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா? ஒரே பக்கம். தமிழ்ல. திறந்ததும் போன் நம்பர் பெருசா தெரியணும், தொட்டா எங்களுக்கு ரிங் போவணும். எந்தெந்த ஊருக்கு வருவோம், வாடகை எவ்ளோ, கரண்ட் இல்லாத எடத்துல ஜெனரேட்டர் உண்டா. அவ்ளோதான். மலையில சிக்னல் ஒரு கோடு இருந்தாக்கூட டக்குனு திறக்கணும்னு சொன்னேன். கெளம்பறப்ப திறந்தேன், உங்க டெமோ எங்க வூட்டு வாசல்லயே சுத்திக்கினு நிக்குது!"

"எல்லாரும் இப்ப இப்படித்தான் கேக்கறாங்க..."

"கல்யாண மண்டபத்துக்காரங்க கேப்பாங்க. நாங்க கேக்கலை."

லேப்டாப்பைத் திறந்தான். போனிலிருந்து நெட்டை இணைத்தான். சக்கரம் சுற்றியது. புழுக்கத்தில் அவள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது.

அப்போதுதான் திரையில் அந்த வரி அவள் கண்ணில் பட்டது. டொமைன் உரிமையாளர் என்ற இடத்தில் ஜெயப்பிரகாஷின் பெயர் இருந்தது.

"இது இன்னா? எங்க வெப்சைட் பேரு உங்க பேர்ல இருக்குது?"

"எல்லாக் கஸ்டமருக்கும் அப்படித்தாங்க்கா வாங்கறது. வருஷா வருஷம் பணம் கட்டணும், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நானே கட்டிட்டு உங்ககிட்ட வாங்கிக்குவேன்."

"நாளைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துவரலைன்னா? நீங்க கடையை மூடிட்டுச் சென்னைக்குப் போய்ட்டீங்கன்னா?"

"சேச்சே, அப்படியெல்லாம்..."

"கடை எங்களுது, பட்டா உங்க பேர்லயா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு செலவுக்கும் திட்டம் போட்டிருந்தாள். பெயர் வாங்க, இணையத்தில் இடத்துக்கு வருட வாடகை, வடிவமைக்க, நல்ல படம் எடுக்க, பிறகு ஊர்ப்பக்கம் விளம்பரத்துக்குக் கொஞ்சம் மிச்சம். எல்லாம் யோசித்தவள், பெயர் யார் கையில் இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லையே! சேலத்துக்காரனிடமிருந்து தப்பித்து இவனிடம் மாட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். தன் மீதே ஆத்திரம் வந்தது.

"பேசின இருபதுல பாக்கியை இப்பவே தரேன். அதுக்கு மேல பைசா கெடையாது. ஸ்லைடரும் வேணாம், கவுண்ட்டரும் வேணாம். டொமைனை என் மெயிலுக்கு மாத்துங்க. பாஸ்வேர்டெல்லாம் என் கையில வரணும். வராம நான் இந்த நாற்காலியை வுட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

அவன் முனகினான். சார்ஜ் போய்விடும் என்றான், நெட் மெதுவாக இருக்கிறது என்றான், கடைசியில் மாற்றினான். அவள் போனுக்கு உறுதிசெய்யும் மெயில் வந்த கொஞ்ச நேரத்தில் லேப்டாப் திரை கறுத்தது.

"இனிமே உங்க போன்லயே உள்ள போயி பக்கத்தை நிறுத்திக்கலாம்க்கா. நான் ஒண்ணும் பண்ணத் தேவையில்லை."

எழுந்தவள் நின்றாள். "ஒண்ணு சொல்லுங்க. அந்தப் போட்டோ உங்களுக்கு யார் குடுத்தது?"

ஜெயப்பிரகாஷ் ஆச்சரியமாகப் பார்த்தான். "உங்க நாத்தனாருதாங்க்கா அனுப்பினாங்க. போட்டோ மட்டும் இல்ல, அதுக்குக் கீழ போட்ட எழுத்தும் அவங்க எழுதினதுதான். அண்ணிகிட்ட சொல்லிட்டேன்னாங்களே?"

* * *

தேவிப்ரியா ஒரு தனியார் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் அண்ணி நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் எதிரே இருந்த கரும்புச்சாறு வண்டியின் நிழலுக்குப் போனார்கள்.

"ஏன்டி?" என்றாள் கலையரசி.

"செழியன் போன்ல கேட்டாருண்ணி. உங்க அண்ணன் கடையில இன்னா இன்னா வாடகைக்குக் குடுக்கறாங்கன்னு. அண்டா, குண்டான்னு சொன்னேன்." தேவிப்ரியா கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினாள். "காலேஜ்லயும் இதேதான் சொன்னேன். வேலைக்குச் சேரும்போதும் இதேதான். கல்யாணத்துக்கு அப்புறமும் சொல்லிக்கினே இருக்கணும். ஒருநாள் அவரு ஊர்லயே ஒரு சாவு வூட்டுல அண்ணன் பெட்டியோட வந்து எறங்கும். அப்ப நான் அண்ணனைத் தெரியாத மாதிரி நிக்கணுமா?"

"அதை என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்! அத்தைக்கு வாக்குக் குடுத்தது நானு. காலையில இருந்து பேச்சு வாங்கிக்கினு இருக்கறது நானு. உனக்குத் தைரியம் வந்தா உன் வாயால உங்கம்மாகிட்ட சொல்லணும். என் வெப்சைட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு சொல்லக்கூடாது."

தேவிப்ரியாவின் கண் நிறைந்தது. அவளைத் தேற்ற வேண்டும் என்று கலையரசிக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவளுக்கே தேற்றல் தேவைப்பட்டது.

"அவரு பாத்தாரா?"

"நான்தான் காலையில லிங்க் அனுப்பினேன். பாத்துட்டாரு. ரெண்டு நீல டிக்கு வந்துடுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதில் வரலை."

* * *

அதே நேரத்தில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அரங்கநாதன் ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காத்திருந்தான். மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீடு. மின்சாரம் இருந்தது, ஆனால் பெட்டி ஓடும் அளவுக்கு அழுத்தம் இல்லை.

இறந்தது வயதான ஓர் அம்மா. மகள் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தாள். அவள் வந்து முகம் பார்க்க வேண்டும். நேற்று மதியமே உயிர் பிரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். சாம்பிராணிப் புகை தெருமுனைவரை இருந்தது. எதற்காக அவ்வளவு புகை என்று அரங்கநாதனுக்குத் தெரியும்.

"நேத்தே ஏங்க கூப்பிடலை?" என்று பெரிய மகனிடம் கேட்டான்.

"கூப்பிட்டோங்க. திருப்பூர்ல இருக்கற பையன் போன்ல தேடி ஒரு நம்பர் குடுத்தான். சேலத்து நம்பரு. வரோம் வரோம்னாங்க. விடியற வரைக்கும் ரோட்டைப் பாத்துக்கினு நின்னோம். அப்புறம் மலைக்கெல்லாம் வண்டி வராதுன்னுட்டாங்க. காலையில பள்ளிக்கூடத்து வாத்தியாருதான் உங்க நம்பரைக் குடுத்தாரு." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "கீழயே இருந்திருக்கீங்க. எங்களுக்குத் தெரியாமப் போச்சே. எங்கம்மாவை இந்தக் கோலத்துல பாக்கவா எங்கூடப் பொறந்தது அம்மாந்தூரத்துல இருந்து வருது?"

அரங்கநாதன் ஜெனரேட்டரில் எண்ணெய் பார்க்கக் குனிந்தான். வெப்சைட் வேண்டும் என்று கலையரசி தலைகீழாக நின்றபோது, "நமக்கு எதுக்கு அதெல்லாம், தெரிஞ்சவங்க கூப்பிடுவாங்க" என்று பாதி மனதோடு தலையாட்டியவன் அவன். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்ததில்லை.

பெட்டியையும் ஜெனரேட்டரையும் அங்கேயே விட்டுவிட்டு வெறும் வண்டியோடு இறங்கினான். அணை கண்ணில் பட்ட வளைவில் போன் துடித்தது. அம்மா, கலை, மறுபடி அம்மா என்று தவறிய அழைப்புகள். அடியில், தங்கை அனுப்பிய ஒரு லிங்க்.

வண்டியை ஓரம் கட்டித் திறந்தான். வெகுநேரம் சுற்றிய பிறகு ஆயுத பூஜையன்று எடுத்த படம் வந்தது. கீழே இருந்ததைப் படித்தான்.

"எங்கள் அப்பா சித்திரை வெயிலில் காலமானார். அன்று பெட்டி கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் என் அண்ணன் இந்தத் தொழிலைத் தொடங்கினார். கூப்பிடுங்கள், வருகிறோம்."

அரங்கநாதன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு யாரையும் திரும்ப அழைக்காமல் வண்டியைக் கிளப்பினான்.

* * *

"எடுத்தியா இல்லையா?" என்று சாலம்மாள் அன்று எத்தனையாவது முறையாகக் கேட்டாளோ.

மாலை வெயில் சாய்ந்திருந்தது. கூடத்தில் மூன்று பெண்களும் இருந்தார்கள். கலையரசியின் கையில் போன். ஒரு விரல் வைத்தால் பக்கம் மறைந்துவிடும். மதியத்திலிருந்து அந்த விரல் எழவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. வாக்குத் தவறுகிற எரிச்சலும், உழைத்ததை அழிக்கிற எரிச்சலும் சேர்ந்து மண்டையைக் குடைந்தன.

"அண்ணியைத் திட்டாதம்மா. போட்டோ குடுத்தது நானு" என்றாள் தேவிப்ரியா.

சாலம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பன் போன அன்னிக்கு ஊரே மூக்கைப் பிடிச்சிக்கினு நின்னுச்சு" என்றாள் மெல்ல. "அதை மறக்கத்தான் நான் இவ்ளோ நாளா அந்தப் பெட்டி இருக்கற பக்கமே திரும்பறதில்லை. அதை நீ ஊருக்கெல்லாம் எழுதி வெச்சிருக்கே."

தேவிப்ரியா அம்மாவின் அருகில் போய் அமர்ந்தாள். சாலம்மாள் தள்ளவும் இல்லை, சாய்த்துக்கொள்ளவும் இல்லை.

அப்போது போன் அடித்தது. சின்னசேலம், மாப்பிள்ளையின் தகப்பனார் தெய்வசிகாமணி. சாலம்மாள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் கலவரமாக இருந்தது. "பாத்தோம்மா. தொழில்ல இன்னா இருக்குது, எல்லாம் பொழப்புதான். ஆனா எங்க பங்காளிங்க வாய் சும்மா இருக்காது பாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அதை எடுத்துடச் சொல்லு. கல்யாணம் ஆன அப்புறமும் பொண்ணு போட்டோ, பேரு ஒண்ணும் அதுல இருக்க வேணாம். பத்திரிகையில பந்தல் கான்ட்ராக்டர்னு போட்டுக்கலாம். இன்னா சொல்றே?"

"எடுத்துடறோம் அண்ணே. இப்பவே எடுத்துடறோம்." சாலம்மாளுக்கு உயிர் வந்தது. கலையரசியைப் பார்த்து வேகமாகக் கையசைத்தாள்.

"அம்மா, அவரு இன்னா சொல்றாருன்னு கேளு" என்றாள் தேவிப்ரியா. "செழியன்."

"அவனை இன்னாம்மா கேக்கறது? நான் சொன்னா அவன் கேப்பான்" என்றார் தெய்வசிகாமணி.

தேவிப்ரியாவின் முகம் சுருங்கியது. கலையரசி அதைப் பார்த்தாள். காலையிலிருந்து நாத்தனார் மேல் இருந்த கோபம் அந்த நொடியில் வேறு பக்கம் திரும்பியது. பக்கத்தை அழிக்காமல் தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கலை!" என்று பல்லைக் கடித்தாள் சாலம்மாள்.

வாசலில் வண்டி வந்து நின்றதை யாரும் கவனித்திருக்கவில்லை. அரங்கநாதன் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்று, கடைசி வாக்கியங்களைக் கேட்டிருக்க வேண்டும். சட்டையெல்லாம் சாம்பிராணி வாசம். யாரையும் எதுவும் கேட்காமல் உள்ளே வந்து, அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினான்.

"மாமா, நான் அரங்கநாதன் பேசறேன்."

"ஆங், சொல்லுப்பா. நீ வெவரமான பையன். உங்கம்மா எடுத்துடறேன்னு சொல்லிட்டாங்க..."

"நாளைக்கு நேர்ல வந்து பேசறேன் மாமா. உங்ககிட்டயும், உங்க பங்காளிங்ககிட்டயும், செழியன்கிட்டயும்."

"அதுக்கென்னப்பா, வா. எதுல வர்றே, பஸ்ஸுலயா? ஸ்டேஷன் பக்கம் எறங்கினா பையனை அனுப்பறேன்."

அரங்கநாதன் தங்கையைப் பார்த்தான். பிறகு கலையரசியைப் பார்த்தான்.

"வேணாம் மாமா. மலையில வெச்சிட்டு வந்த பெட்டியை நாளைக்குக் காலையில ஏத்தணும். அப்படியே உங்க தெருவுக்கு வந்துடறேன். எங்கிட்ட இருக்கறது அந்த ஒரு வண்டிதான்."

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. "குடுங்கப்பா, நான் பேசறேன்" என்று ஓர் இளங்குரலும், போன் கைமாறுகிற சத்தமும் கேட்டன.